சர்க்கரைப் பாகு ரத்தம்

குறும்படம் எடுக்க வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன வருஷத்து விழா மலரில் என்னைப் பற்றி எழுதும்போது "தென் மாவட்டத்து அண்டர்கிரவுண்ட் திகில் சினிமாவின் முன்னோடி" என்று போட்டுவிட்டீர்கள். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "யாரு இந்த ஆளு, நமக்குத் தெரிஞ்சவுகளா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதனால் முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். நான் இராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். மணமகன் தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே வந்து நின்று, ஊர்ச் சனங்களுக்கெல்லாம் தன் முதுகைக் காட்டுவானே ஒருவன், அவன்தான் நான்.

எங்கள் படங்களும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஆழத்தில் புதைந்திருக்கவில்லை. வீடியோ லைப்ரரியில் மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன. கடைக்காரர் ஆள் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார். ரகசியம் காப்பதற்காக இல்லை. மேலே அடுக்கினால் குடும்பப் பெண்கள் கடைக்கு வரமாட்டார்கள் என்று அவருக்குப் பயம்.

எண்பதுகளின் பின்பாதி அது. கல்யாணத் தொழிலில் இருப்பவனுக்கு ஆடி மாதம் வந்தால் கை ஒடிந்த மாதிரி. முகூர்த்தம் கிடையாது, வளைகாப்பு வீட்டுக்காரர்கூட வாசல் பக்கம் வரமாட்டார். கடன் சொல்லி வாங்கிய கேமரா பெட்டிக்குள் தூங்கும். அந்தச் சும்மா கிடந்த கேமராதான் என்னைக் கெடுத்தது. கல்யாணம் இல்லாத மாதத்தில் சாவையாவது எடுப்போமே என்று ஒரு புத்தி வந்தது. தை, மாசி முழுவதும் மங்களகரமாக எடுத்துவிட்டு ஆடியில் ஆட்களைக் கழுத்தறுப்பேன். என் கலை வாழ்க்கையின் பின்னணி அவ்வளவுதான். இதில் உலக சினிமாவின் தாக்கம் எதுவும் இல்லை. கேள்வி பதில் பகுதியில் அதைக் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

குழு என்றால் மூன்றே பேர். நான் டைரக்டர், கேமராமேன், கதாசிரியன், சாப்பாடு வாங்கி வருபவன். சேவியர் நடிகன். அவன் மனைவி புஷ்பம் மேக்கப்.

சேவியர் ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தான். உயிரோடு இருக்கிற காட்சிகளில் அவனைப் பார்க்கச் சகிக்காது. "யார் அங்கே?" என்ற வசனத்தை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்பான். ஆனால் சாகச் சொன்னால் போதும், வேறு ஆளாகிவிடுவான். கண் சொருகும், கழுத்து நரம்பு புடைக்கும், கால் பெருவிரல் தனியாக ஒருமுறை துடித்து அடங்கும். அந்தப் பெருவிரலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கிருந்து பிடித்தான் என்று அவனுக்கும் தெரியாது.

அவனிடம் ஒரே ஒரு குறை. செத்து முடித்ததும், கண்ணைத் திறக்காமல், வாய் ஓரத்திலிருந்து, "போதுமாண்ணே?" என்று கேட்பான். எங்கள் கேமராவில் இருந்ததே ஒரு மைக், அதுவும் அதன் நெற்றியில். டப்பிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் எங்கள் எல்லாப் படங்களிலும் பிணம் ஒருமுறை "போதுமாண்ணே" என்று கேட்கும். படம் பார்த்தவர்கள் அதற்காகவே காத்திருந்து கூடச் சொல்வார்களாம். மில் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் டீக்கடையில் அவனைக் கண்டால் "போதுமாண்ணே" என்று வணக்கம் வைப்பார்கள். நான் ஊரைப் பயமுறுத்தப் புறப்பட்டு, ஊருக்கு ஒரு விளையாட்டுக் கொடுத்ததோடு சரி.

அவன் கேட்டதும் நான் ஒருநாளும் "போதும்" என்று சொன்னதில்லை. "இன்னும் செத்த நேரம்லே" என்பேன். தேவை இருந்ததா என்றால் இல்லை. முதல் தடவையிலேயே போதும் என்றால் டைரக்டருக்கு என்ன மரியாதை என்று ஓர் எண்ணம்.

ரத்தம் புஷ்பத்தின் கைப்பக்குவம். அதற்கு முன் நான் குங்குமத்தைக் கரைத்துப் பார்த்தேன். டி.வி.யில் அது ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது, கதாநாயகன் பழரசம் கொட்டிச் செத்தான். பீட்ரூட் சாற்றைக் காய்ச்சினேன். வீடெல்லாம் பொரியல் வாசம். கடைசியில் புஷ்பம்தான், "தள்ளுங்கண்ணே" என்று அடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள். சர்க்கரையைப் பாகு காய்ச்சி, கேசரிப் பவுடர் சேர்த்து, நிறம் இறங்குவதற்குக் கொஞ்சம் காபித்தூள் டிகாக்ஷன். அப்படி ஒரு ரத்தம் இன்றைக்கும் நான் பார்க்கவில்லை. உறையாது, காயாது, வெயிலில் மினுங்கும். ஆலையில் கழித்துப் போட்ட கட்டுத் துணியை மைதாப் பசையில் முக்கிக் காலில் ஒட்டி, அதன்மேல் இந்தப் பாகை ஊற்றினால் அழுகிய தோல். உரித்தால் அப்படியே உரியும். புஷ்பத்துக்கு அந்தக் கால்களைப் பார்த்துப் பெருமை தாங்காது. பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. சர்க்கரை அல்லவா, எறும்பு வரும். எங்கே படம் எடுத்தாலும் ஊர் எறும்பு மொத்தமும் சேவியர்மேல் ஏறும். பிணமாகக் கிடப்பவன் மெல்ல, "அண்ணே, கடிக்குதுண்ணே" என்பான். "கடிச்சா கடிக்கட்டும்லே. எறும்பு கடிச்சா எந்தப் பொணமாவது சொல்லுமா? அசையாத" என்பேன். ஒவ்வொரு படத்திலும் இதே பேச்சு. நாளடைவில் அவன் கடிக்கிறது என்று சொல்வதும் நான் அதைக் காதில் வாங்காததும் எங்கள் வேலைமுறை ஆகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அந்த ஆடியில் பிளவக்கல் போகிற வழியில், மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் படப்பிடிப்பு. புதைத்த பிணம் சருகை விலக்கிக்கொண்டு எழுந்து வருகிறது, இதுதான் காட்சி. பட்டப்பகலில்தான் எடுத்தோம். கேமராவின் கண்ணாடிக்கு முன்னால் நீலத் தாளை ஒட்டினால் இரவு என்று நாங்கள் நம்பினோம், பார்க்கிறவர்களும் பெருந்தன்மையாக நம்பினார்கள். சேவியரைப் படுக்கவைத்துச் சருகை அள்ளி மூடினேன். கொஞ்சமாகத் தெரிந்தது. தோப்பின் மறுகோடிக்குப் போய், எத்தனையோ நாளாகக் குவிந்து கிடந்த சருகைக் கோணிச் சாக்கில் அள்ளி வந்து அவன் கால்மேல் கொட்டினேன். அந்தச் சருகோடு எதையெல்லாம் அள்ளி வந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஆக, இந்தக் கதையின் வில்லனைக் காட்சிக்குள் கொண்டுவந்த பெருமையும் டைரக்டரையே சேரும்.

கேமராவை ஓடவிட்டேன். சருகு அசைந்தது, கை வந்தது, தலை வந்தது. அருமையாக எழுந்து உட்கார்ந்தான். வாயில் வைத்திருந்த பாகு தாடையில் ஒழுகியது. அப்போது ஒருமுறை உடம்பைத் தூக்கிப் போட்டான்.

"அண்ணே, கடிச்சிருச்சுண்ணே."

"கடிச்சா கடிக்கட்டும்லே. பிரமாதம். அப்படியே இரு."

அவன் அப்படியே இருந்தான். காலைப் பார்த்தான், புஷ்பத்தைப் பார்த்தான், மெல்லச் சரிந்து படுத்தான். இதுவரை செத்ததிலேயே மோசமான சாவு இதுதான் என்று நினைத்தேன். கண் சொருகவில்லை, கழுத்து நரம்பு இல்லை, பெருவிரல் துடிக்கவில்லை. தூக்கம் வந்தவன் படுத்த மாதிரி இருந்தது. திருப்பி எடுக்க வேண்டியதுதான் என்று அலுத்துக்கொண்டு, அவன் வழக்கமாகக் கேட்பதற்காகக் காத்திருந்தேன்.

எனக்குப் பின்னால் பாகுச் சட்டியோடு நின்ற புஷ்பம், "அவிய கேக்கலியேண்ணே" என்றாள்.

"என்ன கேக்கல?"

"போதுமான்னு கேக்கலியே."

சொல்லிக்கொண்டே சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். சருகை அவள் விலக்கியபோது, மறுபக்கம் ஏதோ ஒன்று தடிமனாக, அவசரமே இல்லாமல் நகர்ந்து போனது. விரியன். சேவியர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எறும்பு இல்லண்ணே" என்றான். அந்த நிலையிலும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு. இதை வேடிக்கையாக எழுதிக்கொண்டு வருகிறேன், ஆனால் அந்த இடத்தை இன்றுவரை என்னால் வேடிக்கையாக நினைக்க முடியவில்லை.

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். நல்லவேளையாக வத்திராயிருப்புப் பக்கம் போகிற பஸ் வந்தது. கையை ஆட்டினேன். டிரைவர் வேகத்தைக் குறைத்தார், எங்களைப் பார்த்தார், முன்னைவிட வேகமாகப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அழுகிய கால், கிழிந்த முகம், தாடை வரைக்கும் ரத்தம் என்று மண்ணுக்குள்ளிருந்து வந்த ஒரு பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் கை காட்டினால் நானும் நிறுத்தியிருக்கமாட்டேன். என் வாழ்நாளில் ஒரு பார்வையாளனை நான் உண்மையாகப் பயமுறுத்தியது அந்த ஒருமுறைதான்.

அடுத்து தேங்காய் லோடு ஏற்றிய லாரி வந்தது. இந்தமுறை புஷ்பம் கை காட்டவில்லை, நடு ரோட்டில் போய் நின்றுகொண்டாள். டிரைவர் இறங்கி வந்து சேவியரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? லாரி அடிச்சிருச்சா?"

"பாம்பு கடிச்சிருச்சுய்யா" என்றேன்.

"ஒரு பாம்பா இம்புட்டையும் கடிச்சுது?"

விளக்க நேரமில்லை. "ஏத்துங்கய்யா, வழியில சொல்லுதேன்" என்றாள் புஷ்பம். நல்ல மனிதர், ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் நான் சினிமா, மேக்கப், மைதா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வத்திராயிருப்பு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்போது அவர், "எதுக்கும் போலீசுல கேட்டா உண்மையச் சொல்லிருங்க தம்பி" என்றார்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சேவியரை மேஜையில் கிடத்தியதும் நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா அசரவில்லை. "எங்கே கடிச்சது?" என்றார். கால் என்றேன். காலைப் பார்த்தார். அதில் புஷ்பத்தின் கைவண்ணத்தில் புழு அரித்த காயங்கள், பல் பட்ட தடங்கள், உரிந்து தொங்கும் தோல். பாம்பின் பல் எது, எங்கள் பல் எது என்று பிரம்மா வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நான் குனிந்து அவன் காலின் தோலைக் கொத்தாகப் பிடித்து உரித்தேன். நர்ஸ் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டார். பாதி உரிந்தது. மீதி, வெயிலில் மைதா இறுகி, தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் கால் வீங்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அதுவும் வீக்கமா, பசையின் தடிப்பா என்று எனக்கே சந்தேகம்.

டாக்டரம்மா சேவியரின் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறெல்லாம் சிவப்பு. அவர் முகம் மாறியது.

"வாயில வர்றது அவர் ரத்தமா, உங்க ரத்தமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் அவசரமாகச் சொன்னார். விரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது, ஈறில் கசியும். கசிகிறதென்றால் இப்போதே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். ஆனால் அந்த மருந்தே சிலரைக் கவிழ்த்துவிடும், அதனால் விஷம் ஏறாதவனுக்குச் சும்மா போடக்கூடாது. ஊசியில் ரத்தம் எடுத்துக் குழாயில் வைத்து உறைகிறதா என்று பார்க்கலாம், அதற்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரம் இவனுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"சொல்லுங்க. அவர் ரத்தமா, நீங்க ஊத்தினதா?"

தம்பிகளே, என் ரத்தத்துக்கும் நிஜ ரத்தத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது என்று நான் சொல்லித் திரியாத டீக்கடை இராஜபாளையத்தில் கிடையாது. அன்றைக்கு அது எனக்கும் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். அதே நிறம், அதே மினுக்கம், உறையாத அதே ஒழுக்கு. புஷ்பத்தின் பாகு அவ்வளவு நன்றாக இருந்தது. "நாங்க ஊத்துனதும் இருக்கு..." என்று என்னவோ இழுத்தேன்.

புஷ்பம் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். முந்தானையால் புருஷனின் வாயைத் துடைத்தாள். பொறுத்துப் பார்த்தாள். ஈறில் புதிதாக ஊறி வந்ததைச் சுட்டுவிரலால் தொட்டுத் தன் நாக்கில் வைத்தாள்.

நாக்கைச் சப்பிப் பார்த்தாள். பிறகு, "இனிக்கலம்மா" என்றாள். "உப்பு கரிக்கி. இது நாங் காச்சுன ரத்தமில்ல. அவிய ரத்தம்."

அழாமல் சொன்னாள். டாக்டரம்மா அவளை ஒரே ஒரு கணம் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த அறையில் எல்லோரும் ஓடினார்கள். உட்கார்ந்திருந்த நர்ஸ்கூட எழுந்து ஓடினார். மருந்து ஏறத் தொடங்கிய பிறகு, குழாயில் எடுத்து வைத்திருந்த ரத்தத்தை டாக்டரம்மா சாய்த்துக் காட்டினார். தண்ணீராக ஓடியது.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆளே தேறுவானா என்று கிடந்தான். புஷ்பம் கட்டில் ஓரத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள், நான் வராந்தாவில் இருந்தேன். உள்ளே போக முகம் இல்லை. ஒரு மத்தியானம் அவளே வந்து கூப்பிட்டாள். சேவியர் கண்ணைத் திறக்காமல்தான் கிடந்தான். என் செருப்புச் சத்தம் கேட்டதோ என்னவோ, வாய் ஓரத்திலிருந்து காற்றாக வந்தது:

"போதுமாண்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் புஷ்பம், "போதும்" என்றாள். "போதும்ங்க. ரொம்ப நல்லாச் செத்திய. போதும்." அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள். நானும் அழுதேன். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் சேர்த்து வெளியே அனுப்பினார்.

தோப்பில் கேமரா யாரும் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தோப்புக் காவல்காரர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். டேப்பில் எல்லாம் இருந்தது. வீடியோ லைப்ரரிக்காரருக்கு எப்படியோ சேதி போய், "நிஜப் பாம்பு, நிஜக் கடி, சும்மா விடலாமா?" என்று நடையாய் நடந்தார். ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ஒருவன் எழுந்து உட்காருகிறான், காலைப் பார்க்கிறான், பெண்டாட்டி நிற்கும் பக்கம் பார்க்கிறான், படுத்துக்கொள்கிறான். கூடவே "பிரமாதம்" என்று ஒரு மடையனின் குரல். ஆவணி பிறந்ததும் அந்த டேப்பின்மேல் ஒரு காதுகுத்து வீட்டை எடுத்துவிட்டேன்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? பாம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பது யாருக்கும் தெரியும். நான் சொல்வது வேறு. உங்களிடம் இப்போது நல்ல கேமரா, நல்ல ரத்தம் எல்லாம் இருக்கிறது. எவ்வளவு நன்றாகப் பொய் செய்கிறீர்களோ, அந்த அளவுக்கு உண்மை வந்து நிற்கும்போது உங்களுக்கே அடையாளம் தெரியாது. அதனால் கேமராவில் கண்ணை வைத்திருப்பவனிடம் "போதும்" சொல்லும் வேலையைக் கொடுக்காதீர்கள். அவனுக்கு எப்போதுமே போதாது. நடிக்கிறவன்மேல் அன்பு இருக்கிற ஒருத்தர், சினிமாமேல் அவ்வளவாக மரியாதை இல்லாத ஒருத்தர், அவர் பக்கத்தில் நிற்கட்டும்.

அத்தோடு விட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆனி கடைசியில், கால் கொஞ்சம் சாய்ந்த நடையோடு சேவியர் என் வீடியோ ஸ்டுடியோவுக்கு வந்தான். "ஆடி பொறக்கப் போவுதேண்ணே, சும்மாவா இருக்கப் போறிய?" என்றான். நான் புஷ்பத்திடம் போய்க் கேள் என்றேன். கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் எடுத்த எந்தப் படத்திலும் "ஸ்டார்ட்" என்று நான் சொன்னதில்லை, "கட்" என்றும் சொன்னதில்லை. இரண்டும் அவள் பொறுப்பு.

சேவியர் ரத்த வெள்ளத்தில் கிடப்பான். நான் கேமராவோடு தயாராக நிற்பேன். புஷ்பம் போய்க் குனிந்து, அவன் உதட்டோரத்தைச் சுட்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பிறகு என் பக்கம் திரும்புவாள்.

"இனிப்பாத்தான் இருக்கு. எடுங்கண்ணே."